பட்டியலைப் பார்த்து எழுப்பினேன்

பள்ளி திறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. துறைமுகச் சாலையை ஒட்டிய அரசு மேல்நிலைப் பள்ளி. பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் கணிதப் பிரிவுக்கு நான் வகுப்பாசிரியை. என் பாடம் வேதியியல். ஜன்னலுக்கு வெளியே கன்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டே இருக்கும். ஒரு லாரி கடந்து அடுத்தது வருவதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும் என்பதால் அந்தப் பள்ளியில் ஆசிரியர்கள் எல்லோருமே கொஞ்சம் வேகமாகத்தான் பேசுவோம்.

அன்று காலை அலுவலகத்திலிருந்து ஒரு கட்டு விண்ணப்பங்களும் ஒரு பட்டியலும் வந்தன. பட்டியலில் மாணவர் பெயர், பக்கத்தில் சாதிப் பிரிவு. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒவ்வொரு வருடமும் செய்துவந்ததைத்தான் அன்றும் செய்தேன்.

"எஸ்.சி. பிள்ளைங்கல்லாம் எந்திரிச்சு நில்லுங்க. ஸ்காலர்ஷிப் ஃபாரம் வந்திருக்கு. சீக்கிரம், பாடம் நடத்தணும்."

நான்கு பேர் எழுந்தார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து எழுந்து பழகியவர்கள் அவர்கள். ஒரு பையன் எழும்போதே அசட்டுத்தனமாகச் சிரித்தான். பட்டியலில் அந்தப் பிரிவில் ஐந்து பெயர் இருந்தது. ஐந்தாவது ஒரு பெண்ணின் பெயர். இரண்டாவது பெஞ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவள். அவள் எழவில்லை. புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். "ஒம்பேரும் லிஸ்ட்ல இருக்கே. நீ ஏன் எந்திரிக்கல? காது கேக்கலியா?"

வகுப்பு முழுக்க அவள் பக்கம் திரும்பியது. அவள் மெதுவாக எழுந்து வந்து விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி மோல் கருத்தை நடத்த ஆரம்பித்தேன்.

அவள் அருகில் உட்கார்ந்திருந்தவள் எங்கள் பக்கத்து மளிகைக்கடைக்காரரின் மகள். மூன்று வாரத்தில் இருவரும் அப்படி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பேனாவால் மற்றவள் எழுதுவாள், மத்தியானம் சாப்பாட்டைப் பாதிப் பாதி மாற்றிக்கொள்வார்கள். மறுநாள் அந்த மளிகைக்கடைக்காரர் மகள் நான்காவது பெஞ்சுக்குப் போய்விட்டாள். நான் அதைக் கவனிக்கவே இரண்டு நாள் ஆனது. பெண்பிள்ளைகளுக்குள் ஏதோ சண்டை என்று நினைத்தேன். உண்மையில் அப்படித்தான் நினைத்தேன். அதற்கு அடுத்த நாளிலிருந்து ஜன்னலோரத்துப் பெண் பள்ளிக்கு வரவில்லை.

ஒரு வாரம் கழித்து அவள் அம்மாவின் எண்ணுக்குப் போன் செய்தேன். காற்று இரைச்சலுக்கு நடுவே, "காய்ச்சல் டீச்சர்" என்று ஒரு குரல் சொல்லிவிட்டு உடனே வைத்துவிட்டது. சனிக்கிழமை மத்தியானம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

உப்பளங்களை ஒட்டிய குடியிருப்பு. அவள் அம்மா விடிவதற்கு முன்பே பாத்தியில் இறங்கிவிட்டு அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். கால் விரல்களுக்கு இடையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தவர், என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தண்ணீர் கொடுத்தார். வாங்கிக் குடித்தேன். நான் குடிப்பதை அவர் பார்த்தார். அவர் பார்ப்பதை நான் பார்த்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

"காய்ச்சல் எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"காய்ச்சல்னு சொல்லச் சொன்னா, சொன்னேன். நேர்ல பாத்து எனக்குப் பொய் வரல டீச்சர். அவளுக்கு ஒண்ணுமில்ல."

"பொறவு ஏன் வரல?"

அந்த அம்மா எண்ணெய்ப் புட்டியை மூடி ஓரமாக வைத்தார்.

"பத்தாப்பு வரைக்கும் இங்கன பக்கத்து ஸ்கூல்ல படிச்சா. அங்கன எல்லாத்துக்கும் எங்களத் தெரியும். எவளும் இவகூட உக்கார மாட்டா. அதுக்குத்தான் பதினொண்ணுக்கு ரெண்டு பஸ் மாறி ஒங்க ஸ்கூலுக்கு அனுப்பினேன். மூணு வாரம் வீட்டுக்கு வந்து சிரிச்சிச் சிரிச்சிப் பேசினா. ஒரு பிள்ள கூட்டாளியா கெடச்சிருக்கான்னு சொன்னா. எம்மவ யாருகிட்டயும் சொல்லல டீச்சர். நீங்கதான் சொன்னீய."

அவர் குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அரசு கொடுக்கும் உதவி, யாரும் விட்டுவிடக் கூடாது என்ற நல்லெண்ணம், வேலை நெருக்கடி என்று நாக்கு நுனிவரை வந்தவை எல்லாம் அங்கேயே நின்றன.

உள்ளே இருந்து அவள் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் பண்ணினது தப்பு. கிளாஸ்ல எல்லார் முன்னாலயும் ஒங்கிட்ட மன்னிப்புக் கேக்கேன். நீ வா" என்றேன்.

அவள் வேகமாகத் தலையை ஆட்டினாள். "வேண்டாம் டீச்சர். நீங்க மன்னிப்புக் கேட்டா திரும்பவும் எல்லாரும் என்னையத்தான் பாப்பாங்க."

"சரி, நான் என்ன செய்யணும்? நீயே சொல்லு."

"இனிமே யாரையும் எந்திரிக்கச் சொல்லாதீங்க. எங்கள மட்டுமில்ல, யாரையும்."

"சொல்ல மாட்டேன்."

"நீங்க மட்டுமா, எல்லா டீச்சருமா?"

மற்றவர்களுக்காக நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனாலும், "எல்லாரும்" என்று சொல்லிவிட்டேன். அவள் என்னை நம்பியதாகத் தெரியவில்லை. ஆனால் திங்கட்கிழமை வந்தாள்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் ஊர் நாசரேத் பக்கம். அப்பாவும் ஆசிரியர், அவருடைய அப்பாவும் ஆசிரியர். மிஷன் பள்ளியில் படித்து முன்னுக்கு வந்த குடும்பம். எங்கள் முன்னோரைக் கோயில் தெருவில் நடக்க விடாத காலம் ஒன்று இருந்தது என்று வீட்டில் கோபத்தோடு பேசுவார்கள். எங்கள் வீட்டில் சாதி கிடையாது என்றும் சொல்லுவார்கள். ஆனால் எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும், தூத்துக்குடியில் வாடகைக்கு வீடு பிடித்தபோதும், "நம்மாளுதான்" என்ற ஒரு சொல்லில் எல்லாம் முடிந்தது. அந்தச் சொல் எனக்கு எத்தனை கதவுகளைத் திறந்துவிட்டிருக்கிறது என்று அந்தச் சனிக்கிழமை ஸ்கூட்டரில் திரும்பும்போதுதான் முதல்முறையாக யோசித்தேன்.

திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த எழுத்தர் ஐம்பது வயதைத் தாண்டியவர். அதிகம் பேச மாட்டார். இனிமேல் விண்ணப்பங்களைக் கவரில் போட்டு, உரிய பிள்ளைகளிடம் தனித்தனியாகக் கொடுக்கப் போகிறேன் என்றும், சாதி இல்லாத வகுப்புப் பட்டியல் ஒன்று வேண்டும் என்றும் கேட்டேன். அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"யாருக்கெல்லாம் கவர் குடுப்பீய?"

"ஃபாரம் வேண்டிய அஞ்சு பேருக்கு."

"அஞ்சு பேருக்கு மட்டும் கவர் குடுத்தா, கவரப் பாத்தே தெரிஞ்சிரும்லா டீச்சர்? குடுத்தா எல்லாத்துக்கும் குடுங்க. பஸ் பாஸ் ஃபாரம், சைக்கிள் ஃபாரம், பேங்க் ஃபாரம்னு எல்லாருக்கும் ஏதாச்சும் இருக்கும். எல்லாத்தையும் போட்டு ஒட்டிக் குடுங்க. வீட்டுல போய்ப் பிரிக்கட்டும்."

நான் அவரையே பார்த்தேன். இதை அவர் அப்போது யோசித்துச் சொன்ன மாதிரி இல்லை, ரொம்ப நாள் முன்பே யோசித்து வைத்திருந்த மாதிரி இருந்தது. சாதி இல்லாத பட்டியலை அச்சடித்து நீட்டினார்.

வகுப்பில் நாற்பத்தெட்டுப் பேர். வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நாற்பத்தெட்டுக் கவர்களைப் பரப்பி வைத்திருப்பதைத் துறைமுகத்தில் வேலை முடிந்து வந்த என் கணவர் பார்த்தார். "இது ஒன் வேலையா? ஆபீஸ்ல இருக்கவங்க பாக்க மாட்டாங்களா?" என்றார். "தப்பு என்னுது" என்றேன்.

அடுத்தது இருக்கை. வாரத்துக்கு ஒருமுறை எண் வரிசைப்படி எல்லோரும் இடம் மாறி உட்கார வேண்டும் என்று ஆக்கினேன். ஆய்வகத்துக்கும் அப்படியே இரண்டிரண்டு பேராகப் பிரித்தேன். வருகைப் பதிவேட்டில் மளிகைக்கடைக்காரர் மகளும் ஜன்னலோரத்துப் பெண்ணும் அடுத்தடுத்த எண். அதனால் ஆய்வகத்தில் அவர்கள் ஒரே மேசை. வேண்டுமென்றே நான் செய்ததல்ல. ஆனால் அப்படி அமைந்த பிறகு மாற்றவும் இல்லை.

வேதியியல் ஆய்வகத்தில் பிப்பெட் என்று ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. கரைசலை அளந்து எடுக்க அதன் மேல்முனையை வாயில் வைத்து உறிஞ்சுவார்கள். அது ஆபத்து, ரப்பர் பல்பு வாங்கிக் கொடுங்கள் என்று நான் வருடா வருடம் எழுதிக் கேட்டு, வருடா வருடம் நிதி இல்லை என்று பதில் வந்துகொண்டிருந்தது. அதனால் இரண்டு பேருக்கு ஒரு பிப்பெட், ஒருவர் மாற்றி ஒருவர் வாயில் வைத்தார்கள்.

முதல் நாள் பரிசோதனையில் ஜன்னலோரத்துப் பெண் உறிஞ்சி முடித்துக் குழாயை நீட்டினாள். மற்றவள் அதை வாங்கித் தண்ணீர்க் குழாய்க்குப் போய் மேல்முனையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பிறகு கைக்குட்டையால் துடைத்தாள். பிறகும் வாயில் வைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்து மேசைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். கடைசியில் ஜன்னலோரத்துப் பெண் எந்த உணர்ச்சியும் காட்டாமல் குழாயைத் திரும்ப வாங்கி, தானே இரண்டாவது முறையும் உறிஞ்சி அளந்து ஊற்றினாள். அன்று அந்த மேசையின் எல்லா அளவுகளையும் அவளே எடுத்தாள்.

இரண்டு நாள் கழித்துத் தலைமை ஆசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். அவர் அறையில் மளிகைக்கடை அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டு மாதச் சாமான் அவர் கடையில்தான் வாங்குவோம். பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் முக்கியமானவர். தலைமை ஆசிரியர் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறிகூட அவர் வாங்கிக் கொடுத்ததுதான்.

"வாங்க டீச்சர்" என்று எழுந்து கும்பிட்டார். "பெரிய விசயம் ஒண்ணுமில்ல. எம்மவள லேப்ல வேற பிள்ளகூட போட்டுருங்க. அம்புட்டுத்தான்."

"எதுக்கு அண்ணாச்சி?"

"எதுக்குன்னு ஒங்களுக்குத் தெரியாதா? ஒரே குழாய ரெண்டு பேரும் மாத்தி மாத்தி வாயில வெக்காங்களாம். வீட்டுக்கு வந்து அவ அம்மைட்ட சொல்லி அழுதா."

"எல்லா மேசையிலயும் அப்படித்தான் அண்ணாச்சி. எல்லாப் பிள்ளைங்களும் அதான் செய்யுது."

"எல்லாத்தையும் பத்தி நான் பேசல." அவர் தலைமை ஆசிரியரை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "டீச்சர், நீங்க நம்மாளு. ஒங்களுக்குப் போய் நான் வெளக்கிச் சொல்லணுமா?"

தலைமை ஆசிரியருக்கு ஓய்வுபெற ஒரு வருடம் இருந்தது. பிரச்சினை இல்லாமல் போய்ச் சேர்ந்தால் போதும் என்று இருந்தவர். "டீச்சர், ஒரு நம்பர் மேல கீழ மாத்திட்டாப் போச்சு. யாருக்கு என்ன நஷ்டம்?" என்றார்.

நான் தைரியசாலி இல்லை. மேலதிகாரியிடம் எதிர்த்துப் பேசிய வழக்கமும் இல்லை. மேசையில் ஒரு வெள்ளைத்தாள் கட்டு இருந்தது. அதிலிருந்து ஒரு தாளை எடுத்து அண்ணாச்சி முன்னால் வைத்து என் பேனாவையும் வைத்தேன்.

"மாத்திருதேன் அண்ணாச்சி. என்ன காரணத்துக்காக மாத்தணும்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

"இதுக்கெல்லாம் எதுக்கு எழுத்து?"

"காரணம் இல்லாம மாத்த முடியாதுல்லா. இந்தப் பிள்ளகூட எம்பிள்ள உக்காரக் கூடாது, இன்ன சாதின்னு எழுதுங்க. சார் கீழ 'அனுமதிக்கப்பட்டது'ன்னு கையெழுத்துப் போடட்டும். நான் இப்பமே மாத்திருதேன்."

அண்ணாச்சி தாளைத் தொடவில்லை. தலைமை ஆசிரியர், மேசை மேல் இருந்த தன் பேனாவை எடுத்துச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டார்.

பிறகு அவரே ஒரு வழி சொன்னார். "அந்த ரப்பர் பல்பு கேட்டுக்கிட்டே இருந்தீங்கள்லா? நாளைக்கே வாங்கிருவோம். வாயில வெக்கிற பேச்சே இருக்காது."

பாதுகாப்புக்காக நான் எத்தனையோ தடவை கேட்டும் வராத பல்பு, தீட்டுக்காக ஒரே நாளில் வரப் போகிறது. வேண்டாம் என்று சொல்லிவிடத்தான் தோன்றியது. ஆனால் வேண்டாமென்றால் பிள்ளைகளின் வாய்க்குள் அமிலம் போகும் ஆபத்து அப்படியே இருக்குமே?

"வாங்குங்க சார். எல்லா மேசைக்கும் வாங்குங்க. ஆனா ஜோடியை மாத்த மாட்டேன்."

அண்ணாச்சி எழுந்தார். "திங்கக்கெழம வந்து டிசி வாங்கிக்கிடுதேன்" என்று தலைமை ஆசிரியரிடம் சொன்னார். என்னைப் பார்க்கவே இல்லை. வாசல்வரை போய்விட்டு, "நம்மாளே இப்படி இருந்தா" என்று மட்டும் சொன்னார்.

ஓய்வறைக்குப் போய் உட்கார்ந்து, தலைமை ஆசிரியர் அறையில் நடந்ததைச் சொன்னேன். இயற்பியல் ஆசிரியை தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "ஒங்களுக்கு எதுக்கு டீச்சர் இந்த வம்பு? நாம எல்லாரும் அப்படித்தான எழுப்பிக்கிட்டு இருந்தோம். யாரும் செத்தா போனாங்க?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால் நானே அதைச் சொல்லியிருப்பேன். உப்பளக் குடியிருப்புக்குப் போனதையும் அந்த அம்மா சொன்னதையும் அவரிடம் அப்படியே சொன்னேன். 'நீங்கதான் சொன்னீய' என்ற இடம் வந்ததும் அவர் பாட்டிலை மூடி வைத்துவிட்டு எழுந்து வகுப்புக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை அண்ணாச்சி வரவில்லை. அவர் மகள் வந்தாள். வழக்கத்தைவிடச் சீக்கிரமாக வந்து அந்த வாரத்து இடத்தில் உட்கார்ந்திருந்தாள். இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டு, "டிசி வாங்கப் போறதா அப்பா சொன்னாவளே?" என்று கேட்டேன்.

"இந்த குரூப் பக்கத்துல பிரைவேட் ஸ்கூல்லதான் இருக்கு டீச்சர். நான் போக மாட்டேன்னு சொல்லிட்டேன்."

"ஏன்?"

"அங்கன எனக்கு ஒருத்தரையும் தெரியாது." சொல்லிவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். "நான் அப்பாகிட்ட புகார் சொல்லல டீச்சர். அம்மைட்ட அழுதேன். குழாயக் கழுவினேன்லா, அதுக்குத்தான் அழுதேன். அவங்க வேற மாதிரி நெனச்சிட்டாங்க."

மணி அடித்தது, போனாள்.

ரப்பர் பல்புகள் வந்தன. அந்த இரண்டு பெண்களும் ஒரே மேசையில் நின்று ஒருவரோடு ஒருவர் பேசாமலே ஆகஸ்டைக் கடத்தினார்கள். ஒருத்தி கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடும் பியூரெட் குழாயைத் திறப்பாள், மற்றவள் குடுவையை ஆட்டுவாள், நிறம் மாறியதும் ஆளுக்கொரு நோட்டில் எழுதிக்கொள்வார்கள். செப்டம்பரில் ஒருநாள் அந்த மேசையிலிருந்து சத்தம் கேட்டது.

"பத்து புள்ளி நாலு."

"கண்ண நேரா வெச்சுப் பாருளா. பத்து புள்ளி ரெண்டு."

"நீ எந்திரிச்சு நின்னு மேல இருந்து பாத்தா ரெண்டுதான் தெரியும். குனிஞ்சு பாரு."

"குனிஞ்சுதான் பாக்கேன். கலரு ஓவரா வந்துட்டு, ஒன்னாலதான். ஒரு சொட்டு விடச் சொன்னா ஊத்துத."

மற்ற மேசைகள் அமைதியாகிவிட்டன. நான் தலையைக் குனிந்து ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்துவதுபோல இருந்தேன். ஒரே நோட்டில் நான்கு தடவை சிவப்பு மையால் சரி போட்டிருந்தேன் என்று பிறகு பார்த்தேன். அவர்கள் மறுபடியும் முதலிலிருந்து செய்தார்கள். பத்து புள்ளி மூன்று வந்தது.

பழைய கூட்டு திரும்பிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சாப்பாட்டை அவர்கள் மறுபடி மாற்றிக்கொண்டதை நான் பார்த்ததில்லை. வேதியியல் பேசினார்கள், பரீட்சை பேசினார்கள்.

எனக்கு இன்னொரு வாக்குறுதி பாக்கி இருந்தது. 'எல்லா டீச்சருமா' என்று அவள் கேட்டிருந்தாள். காலாண்டுத் தேர்வு முடிந்து நடந்த ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து, எந்த வகுப்பிலும் சாதி சொல்லிப் பிள்ளைகளை எழுப்பக் கூடாது, வகுப்புப் பட்டியலில் சாதி இருக்கக் கூடாது, கவர் முறையை எல்லோரும் செய்ய வேண்டும் என்று கேட்டேன். முதலில் நான் செய்ததைச் சொன்னேன். பெயர் சொல்லாமல், 'என் வகுப்பில் ஒரு பிள்ளை' என்று. பத்து நிமிடம் இரைச்சல். வேலைப்பளு என்றார் ஒருவர். இல்லாத பிரச்சினையைக் கிளப்புகிறேன் என்றார் இன்னொருவர். பையன்கள் கையில் சாதிக்கொரு கலரில் கயிறு கட்டிக்கொண்டு வருகிறார்கள், கழற்றச் சொன்னால் காலில் கட்டுகிறார்கள், கவரால் என்ன ஆகப் போகிறது என்றார் உடற்கல்வி ஆசிரியர்.

"அவன் கட்டுறத நிறுத்தறதுக்கு முன்னால நம்ம பண்ணுறத நிறுத்துவோம் சார்" என்றேன்.

அப்போதுதான் இயற்பியல் ஆசிரியை எழுந்தார். "பன்னெண்டாப்புக்கு நான் போன வாரமே கவர் குடுத்துட்டேன். ரெண்டு மணி நேரந்தான் ஆச்சு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு இரைச்சல் குறைந்தது.

தலைமை ஆசிரியர் எல்லோரும் எதிர்பார்த்ததைவிட வேகமாக ஒத்துக்கொண்டார். அவருக்கு வேறு ஒரு லாபம் இருந்தது. என்னிடம் பார்த்த அந்த வெள்ளைத்தாள் வித்தை அவருக்குப் பிடித்துப்போயிருந்தது. இடம் மாற்றக் கேட்டும், வகுப்பு மாற்றக் கேட்டும் யார் வந்தாலும், "தாராளமா மாத்தலாம், காரணத்த எழுதிக் குடுங்க" என்று தாளை நீட்ட ஆரம்பித்தார். ஒருவரும் எழுதவில்லை. ஓய்வுபெறும்வரை அவருக்கு நிம்மதியாகப் போனது.

அண்ணாச்சி கடைக்குப் போவதை நான் நிறுத்தவில்லை. வேறு கடைக்குப் போகலாம் என்று கணவர் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். முன்பெல்லாம் "வாங்க டீச்சர்" என்று நாற்காலி போடுவார். அதன் பிறகு தலை நிமிர மாட்டார். சீட்டை வாங்கி, சாமானைக் கட்டி, தள்ளி வைப்பார். மாதம் தவறாமல் போனேன். நான் ஒளிய வேண்டியது ஒன்றுமில்லை. அவர் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிய அன்று, சாமான் பையின் மேலே ஒரு மிட்டாய்ப் பொட்டலத்தை வைத்தார். அப்போதும் பேசவில்லை. அவர் மாறிவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. மகள் பாஸானதற்கு மிட்டாய் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன்.

அந்த இரண்டு பெண்களும் படித்து முடித்துப் போனார்கள். எனக்குச் சாத்தான்குளம் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றல் வந்தது. அங்கே போன முதல் வாரமே அலுவலகத்திலிருந்து விண்ணப்பக் கட்டும் பட்டியலும் வந்தன, பெயருக்குப் பக்கத்தில் சாதியோடு. எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அங்கே இன்னும் முடியவில்லை. இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்திருக்கிறார்கள். மூன்று பேர் என்னோடு பேசுவதில்லை. அடுத்த கூட்டத்திலும் எழுந்து கேட்கப் போகிறேன்.

போன மாதம் ஜன்னலோரத்துப் பெண் போன் செய்தாள். வேறு மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் படிக்கிறாள், விடுதியில் இருக்கிறாள். விடுதியில் அறை ஒதுக்கிய பட்டியலைப் பெயருக்கு நேரே சாதி போட்டு வாசலில் ஒட்டிவிட்டார்களாம்.

"நீ என்ன செஞ்ச?" என்றேன்.

"மொத நாள் ஒண்ணும் செய்யல டீச்சர். ரூமுக்குள்ள உக்காந்திருந்தேன். அடுத்த நாள் ரூம் ரூமாப் போய்ப் பேசினேன். எங்காளுங்ககிட்ட மட்டுமில்ல, எல்லார்கிட்டயும். எங்க மாடியில முக்காவாசிப் பேர் மனுவுல கையெழுத்துப் போட்டாங்க. வார்டன் மேடம் கிழிச்சிப் போட்டுட்டாங்க."

"மனுவையா?"

"இல்ல, லிஸ்ட்ட." சிரித்தாள். "ஆனா ரூம மாத்தல. ஒரே சாதி ஆளுங்கள ஒரே ரூம்லதான் சேத்து வெச்சிருக்காங்க. அதுக்கு இந்த வாரம் பிரின்சிபாலப் பாக்கப் போறோம்."

மளிகைக்கடைக்காரர் மகளிடமிருந்து ஏதாவது செய்தி உண்டா என்று கேட்டேன். திருநெல்வேலியில் படிப்பதாகத்தான் எனக்குத் தெரியும்.

"மெசேஜ் அனுப்புவா. ஒருநா ராத்திரி பெருசா எழுதியிருந்தா. குழாயக் கழுவினது, பெஞ்ச மாத்தினது எல்லாம் எழுதி சாரி சொல்லியிருந்தா."

"நீ என்ன சொன்ன?"

"சரின்னு சொல்லல டீச்சர். பாக்கலாம்னு சொன்னேன். லீவுக்கு வரும்போது நேர்ல வந்து பேசுன்னு சொல்லிருக்கேன். எங்க வீட்டுக்கு."

"வருவாளா?"

"வாரேன்னு சொல்லிருக்கா. ஒங்க அப்பாகிட்ட சொல்லிட்டு வாரியா, சொல்லாம வாரியான்னு கேட்டேன். இன்னும் பதில் போடல." பின்னால் யாரோ அவளைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. ஆய்வக வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிப் போனை வைத்தாள்.